மண்டையில் இருப்பது களிமண்ணா?

"உன் மண்டையில் இருப்பது மூளையா, களிமண்ணா?" இக்கேள்வியை வகுப்பில் ஒரு முறையேனும் கேளாத ஆசிரியர் நம்முள் எத்தனை பேர் இருப்போம்? வாய்ப்பாடு ஒப்பிக்க இயலாமல் விழித்து நின்ற நம்மைப் பார்த்து நம் ஆசிரியர்கள் கேட்டார்கள். அவர்களிடம் கற்ற நாம் நம் மாணவர்களைப் பார்த்துக் கேட்டு வருகிறோம். நானும் கேட்டிருக்கிறேன். ஒரு பையனைப் பார்த்து அவ்வாறு கேட்டதற்காக இன்றளவும் வருந்துகிறேன். அந்தச் செய்தியைப் பின்னர்க் கூறுவேன். அதை விளங்கிக்கொள்வதற்கு மூளை, தண்டுவடம், நரம்பு ஆகிய மூன்றும் எவ்வாறு வேலை செய்கின்றன என்பதை ஓரளவு அறிந்திருத்தல் வேண்டும். ஆகவே அதனை முதலில் காண்போம்.

முள் தைத்த கால்

செம்பனைத் தோட்டத்தில் வாழ்வோர்க்கு மட்டை முள்ளைப் பற்றி எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. செருப்பில்லாமல் ஓடிவரும் சிறுவன் ஒருவன், வெட்டிப் போட்ட மட்டையின்மேல் கால் வைத்துவிடுகிறான். முள் தைக்கிறது. கால் சட்டென்று மேலே எழுகிறது. "அம்மா!" என்ற அலறல் அதற்குப் பின்பே வருகிறது.

வலித்ததனால் காலை எடுத்தான் என்றுதான் நாம் எண்ணுகிறோம். உண்மை அதுவன்று. அவன் வலியை உணர்வதற்கு முன்பே கால் எழுந்துவிட்டது. முள் தைத்த செய்தி பாதத்திலிருந்து நரம்பின் வழியே ஏறி முதுகிலுள்ள தண்டுவடத்தை அடைகிறது. அங்கே இடைநின்று பேசும் சிறு நரம்பணுக்கள் அச்செய்தியை வாங்கித் தொடைக்கும் காலுக்கும் செல்லும் நரம்புகளிடம் ஒப்படைக்கின்றன. தசைகள் சுருங்குகின்றன, கால் மடங்கி எழுகிறது. இவ்வளவும் மூளையைக் கேளாமலே நடந்து முடிகிறது. இதனை அனிச்சைச் செயல் என்பர்.

இன்னொரு விந்தையும் உண்டு. ஒரு காலைச் சட்டென்று தூக்கினால் உடல் சாய்ந்து விழவேண்டும் அன்றோ? ஆனால் சிறுவன் விழுவதில்லை. ஒரு காலை மடக்கும்படி கட்டளை பிறக்கும் அதே கணத்தில், மற்றக் காலை விறைப்பாக ஊன்றும்படியும் தண்டுவடம் கட்டளையிடுகிறது. இத்தகைய ஏற்பாடுகளை ஆராய்ந்து விளக்கியவர் இங்கிலாந்து நாட்டு அறிஞர் சார்லஸ் ஷெரிங்டன். அவர் 1932ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றார்.

மூளைக்குச் செய்தி போகாமல் இருப்பதில்லை. அதுவும் ஏறிச் செல்கிறது. சற்றுப் பிந்திச் சேர்கிறது, அவ்வளவே. வலியைச் சுமக்கும் நரம்பிழைகளில் இரு வகை உண்டு. ஒரு வகை வினாடிக்கு 5 முதல் 30 மீட்டர் வரை செய்தியை அனுப்பும். மற்றொன்று வினாடிக்கு ஒரு மீட்டர் அளவில் ஊர்ந்து செல்லும். முள் தைத்தவுடன் சுருக்கென்று ஒரு வலியும், சிறிது கழித்து விண்ணென்று தெறிக்கும் மற்றொரு வலியும் வருவதை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். ஒரே முள்ளைப் பற்றிய இரண்டு கடிதங்கள் வெவ்வேறு வேகத்தில் வந்து சேர்வதே அதற்குக் காரணம்.

தண்டுவடம்

தண்டுவடம் என்பது முதுகெலும்பு அன்று. முதுகெலும்பின் வளையங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டு ஒரு குழாய்போல் அமைகின்றன. அக்குழாயினுள்ளே பாதுகாப்பாக இறங்கி வரும் மென்மையான வடமே தண்டுவடம். அதன் பருமன் சுண்டுவிரல் அளவுதான். வளர்ந்த ஆடவனிடம் அதன் நீளம் ஏறத்தாழ 45 சென்டிமீட்டர். பெண்களிடம் சற்றுக் குறைவு. அதிலிருந்து 31 இணை நரம்புகள் கிளைத்துக் கழுத்து, கை, மார்பு, வயிறு, கால் எனப் பிரிந்து செல்கின்றன.

வடத்தின் நீளத்தைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். முதுகெலும்பு இடுப்பின் அடிவரை இறங்குகிறது. தண்டுவடமோ இடுப்பின் மேற்பகுதியிலேயே முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே குதிரை வால்போல் நரம்புக் கொத்துகள் மட்டுமே நீரில் மிதந்துகொண்டிருக்கும். கடுங்காய்ச்சலும் கழுத்து விறைப்பும் கண்ட பிள்ளைக்கு மருத்துவர் முதுகில் ஊசியிட்டு நீர் எடுப்பது இந்தக் கீழ்ப் பகுதியில்தான். "முதுகில் ஊசி போட்டால் கால் விழுந்துவிடும்" என்று அஞ்சிப் பிள்ளையை மருத்துவமனையிலிருந்து வீட்டுக்குத் தூக்கிச் செல்ல முயலும் தாய்மாரை நாம் கண்டதுண்டு. ஊசி செல்லும் இடத்தில் தண்டுவடமே இல்லை என்பதை அவர்களுக்கு எடுத்துச் சொல்லுதல் படித்தவர் கடமையாகும். அந்த நீரைச் சோதித்தால்தான் மூளைச்சவ்வுக் காய்ச்சலை உறுதியாகக் கண்டறிய முடியும்.

தண்டுவடம் அறுபட்டாலோ நசுங்கினாலோ அதற்குக் கீழுள்ள உடலுக்கும் மூளைக்கும் இடையே போக்குவரத்து நின்றுவிடும். மரத்திலிருந்தோ மோட்டார் சைக்கிளிலிருந்தோ விழுந்தவரைக் கையும் காலுமாகப் பிடித்துத் தூக்கக் கூடாது என்பது இதனால்தான். எலும்பு மட்டும் முறிந்திருந்த இடத்தில், தூக்குவோர் கைத்தவறால் வடமும் அறுந்துபோதல் கூடும்.

நரம்பணு என்னும் மரம்

இனி இவ்வடமும் மூளையும் எதனால் ஆனவை எனப் பார்ப்போம். வீட்டுக்குச் செங்கல்போல் உடம்புக்கு உயிரணு என்பது நாம் அறிந்ததே. நரம்பு மண்டலத்தின் உயிரணுவை நரம்பணு என்பர். நியூரான் என்பதும் அதுவே. அதனை முதன்முதலாகத் தெளிவாகக் காணும் வழியைக் கண்டவர் இத்தாலிய மருத்துவர் காமில்லோ கோல்ஜி. 1873இல் வெள்ளி உப்பைக் கொண்டு மூளைத் துண்டில் சாயமேற்றும் முறை ஒன்றை அவர் வெளியிட்டார். அம்முறையின் சிறப்பு என்னவெனில், நூற்றுக்கணக்கான நரம்பணுக்களில் ஏதோ சிலவற்றை மட்டுமே அது முழுவதும் கறுப்பாக்கும். காட்டிலுள்ள எல்லா மரங்களையும் ஒருங்கே பார்த்தால் ஒரு மரத்தின் வடிவமும் தெரியாது. ஒரு மரம் மட்டும் தனித்துத் தெரிந்தால் அதன் கிளையும் வேரும் விளங்கும்.

இம்முறையை மேலும் செம்மைப்படுத்தி, ஆயிரக்கணக்கான படங்களைத் தம் கையாலேயே வரைந்தவர் ஸ்பெயின் நாட்டு சாந்தியாகோ ரமோன் இ காஹல். நரம்பணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிய வலை என்றார் கோல்ஜி. ஒவ்வொன்றும் தனித்தனி, ஒன்றையொன்று நெருங்கி நிற்குமே தவிர ஒட்டாது என்றார் காஹல். 1906இல் இருவருக்கும் சேர்த்தே நோபல் பரிசு வழங்கப்பட்டது. பரிசு பெற்ற மேடையிலும் இருவரும் ஒருவர் கருத்தை ஒருவர் மறுத்தே பேசினர். காஹல் கூறியதே சரி என்று பின்னர் மெய்ப்பிக்கப்பட்டது.

நரம்பணுவை ஒரு மரமாகவே மாணவர்க்குக் காட்டலாம். மேலே கிளைகள், அவை செய்தியை வாங்குவன. நடுவே உயிரணுவின் உடல். கீழே நீண்டு செல்லும் ஒற்றை ஆணிவேர்; அது செய்தியை அனுப்புவது. அந்த வேரை ஆக்சான் என்பர். மூளைக்குள் அதன் நீளம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக இருக்கலாம். தண்டுவடத்திலிருந்து கால்விரலை நோக்கிச் செல்லும் ஆக்சானோ ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளமுடையது.

செய்தி ஓடும் வகை

நரம்பில் ஓடுவது மின்சாரமே. ஆனால் கம்பியில் ஓடும் மின்சாரம் போன்றதன்று. 1850இல் ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் தவளையின் கால் நரம்பில் செய்தியின் வேகத்தை அளந்தார். அந்த வேகத்தை மனிதரால் அளக்கவே முடியாது என்று அவருடைய ஆசிரியர் எண்ணியிருந்தார். அளந்து பார்த்தபோது வினாடிக்கு 30 மீட்டர் அளவே இருந்தது. மனித உடலின் மிக விரைவான நரம்புகளிலும் அது வினாடிக்கு 120 மீட்டர்தான். கம்பியில் ஓடும் மின்சாரத்தோடு ஒப்பிட்டால் இது நத்தை வேகம்.

ஏன் இந்த வேறுபாடு? தீபாவளிச் சரவெடியின் திரியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு முனையில் பற்ற வைத்த தீ அடுத்த இடத்தைப் பற்றவைக்கிறது. அது அதற்கடுத்ததைப் பற்றவைக்கிறது. நரம்பிலும் அவ்வாறே. ஆக்சானின் வெளியே சோடியம் மிகுதி. உள்ளே பொட்டாசியம் மிகுதி. நாம் உண்ணும் உப்பில் இருப்பதும் இந்தச் சோடியமே. ஓய்வாக இருக்கும்போது ஆக்சானின் உட்புறம் வெளிப்புறத்தைவிட ஏறத்தாழ 70 மில்லிவோல்ட் குறைந்த மின்னழுத்தத்தில் இருக்கும். கைவிளக்கில் போடும் ஒரு பேட்டரியின் அழுத்தத்தில் இது இருபதில் ஒரு பங்கு. தூண்டுதல் வந்தவுடன் அணுவின் சவ்விலுள்ள நுண்ணிய வாயில்கள் திறக்கின்றன. சோடியம் உள்ளே பாய்கிறது, அழுத்தம் தலைகீழாகிறது. இது பக்கத்து வாயில்களைத் திறக்கிறது. முன்னே திறந்தவை அதற்குள் மூடிக்கொள்கின்றன. பொட்டாசியம் வெளியேறிப் பழைய நிலையைத் திருப்புகிறது. ஓரிடத்தில் இவ்வளவும் ஆயிரத்தில் ஓரிரு வினாடிக்குள் நிகழ்ந்து முடியும். வெடித்திரி ஒருமுறை எரிந்தால் சாம்பல். நரம்போ உடனே அடுத்த செய்திக்கு ஆயத்தமாகிவிடும்.

இதனைக் கண்டறிய உதவியது எந்த உயிர் தெரியுமா? நம் சந்தையில் சோத்தோங் என்று விற்கும் கணவாயே. அதன் உடலில் கண்ணுக்குத் தெரியும் பருமனுள்ள ஆக்சான் ஒன்று உண்டு. அதனுள் மின்முனையைச் செருகி அளந்து, 1952இல் முழு விளக்கத்தையும் வெளியிட்டவர்கள் ஆலன் ஹாட்ஜ்கின், ஆண்ட்ரூ ஹக்ஸ்லி ஆகிய இரு ஆங்கிலேயர். அதற்காக 1963இல் நோபல் பரிசு பெற்றனர்.

இன்னும் இரண்டு செய்திகள் ஈண்டு அறியத்தக்கவை. முதலாவது, திரியைத் தீக்குச்சியால் பற்றவைத்தாலும் தீப்பந்தத்தால் பற்றவைத்தாலும் அது எரியும் வகை ஒன்றே. நரம்பிலும் ஒரு துடிப்பு மற்றொரு துடிப்பைவிடப் பெரிதன்று. மெல்லத் தொட்டால் துடிப்புகள் விட்டுவிட்டு வரும். ஓங்கி அடித்தால் நெருக்கமாக வரும். பள்ளி மணியை நிதானமாக அடிப்பதற்கும் கணகணவென்று அடிப்பதற்கும் உள்ள வேறுபாடே இது. இரண்டாவது, விரைந்து செல்ல வேண்டிய ஆக்சான்களைச் சுற்றி மையலின் என்னும் கொழுப்புறை உண்டு. அதன் இடையிடையே சிறு இடைவெளிகள். ஓடையில் கிடக்கும் கற்களின்மேல் தாவித்தாவிக் கடப்பதுபோல், செய்தி அந்த இடைவெளிகளில் மட்டும் தாவிச் செல்கிறது. இவ்வுறை பிறந்த அன்றே நிறைவாக அமைந்துவிடுவதில்லை. குழந்தைப் பருவம் முழுவதும் வளர்ந்து, நெற்றிப் பகுதி மூளையில் இருபது வயதைக் கடந்த பின்னரே நிறைவு பெறுகிறது.

இடைவெளியைத் தாண்டல்

ஒரு நரம்பணு மற்றொன்றைத் தொடுவதில்லை என்றோம். இடையே உள்ள வெளி மிகச் சிறியது. ஒரு மில்லிமீட்டரை ஐம்பதாயிரம் கூறாக்கினால் அதில் ஒரு கூறு. இந்தச் சந்திப்புக்கு 1897இல் சைனாப்ஸ் என்று பெயர் வழங்கினர். அந்த வெளியைச் செய்தி எப்படித் தாண்டுகிறது? மின்பொறியாகவா, வேதிப்பொருளாகவா?

இதற்கு விடை கண்ட கதை சுவையானது. ஆஸ்திரியாவில் வாழ்ந்த ஓட்டோ லோவி ஓர் இரவு கனவில் ஒரு சோதனையைக் கண்டார். விழித்துத் தாளில் கிறுக்கி வைத்துவிட்டு உறங்கினார். காலையில் தம் கையெழுத்து தமக்கே விளங்கவில்லை. அடுத்த இரவு அக்கனவு மீண்டும் வந்தது. இம்முறை எழுந்து நேரே ஆய்வுக்கூடம் சென்றுவிட்டார். இரண்டு தவளை இதயங்களை எடுத்தார். ஒன்றின் நரம்பைத் தூண்ட, அதன் துடிப்பு மெதுவாயிற்று. அந்த இதயம் கிடந்த நீரை எடுத்து மற்றதற்கு ஊட்டினார். நரம்பே இல்லாத இரண்டாம் இதயமும் மெதுவாகத் துடித்தது. நரம்பின் முனை ஏதோ ஒரு பொருளைச் சுரக்கிறது என்பது உறுதியாயிற்று. இது 1921இல் வெளியான செய்தி. அப்பொருள் அசிட்டைல்கோலின் எனப் பின்னர் அறியப்பட்டது.

இவ்வாறு சுரக்கும் பொருள்களுள் சில, அடுத்த நரம்பணுவை "எழு" என்று தூண்டுவன. சில "அடங்கு" என்று தடுப்பன. ஒரு நரம்பணுவின் கிளைகளில் ஆயிரக்கணக்கான சந்திப்புகள் உண்டு. எழு என்ற குரல்கள் மிகுந்தால் அது எழும். அடங்கு என்ற குரல்கள் மிகுந்தால் அடங்கும். மூளை சீராக இயங்குவது இந்த இரண்டின் சமநிலையால்தான். எல்லா நரம்பணுக்களும் ஒருங்கே எழுந்தும் ஒருங்கே அடங்கியும் தாளம் போடத் தொடங்கினால் நினைவு நிலைகுலையும். அதுவே வலிப்பு. இதனை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

மூளை

வளர்ந்த மனிதனின் மூளை 1,300 முதல் 1,400 கிராம் எடையுள்ளது. உடல் எடையில் நூற்றில் இரண்டு பங்கே ஆயினும், ஓய்வாக இருக்கும்போது உடல் செலவிடும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கை அதுவே எடுத்துக்கொள்கிறது. காலை உணவின்றி வரும் பிள்ளை பாடத்தில் சோர்வது ஏன் என்பதற்கு இந்தக் கணக்கே போதும்.

மனித மூளையில் நரம்பணுக்கள் பத்தாயிரம் கோடி என்று நெடுங்காலம் எழுதி வந்தனர். 2009இல் வெளியான ஆய்வின்படி அவை ஏறத்தாழ 8,600 கோடி. அவற்றுள் 6,900 கோடி, பிடரியை ஒட்டிய சிறுமூளையில் இருக்கின்றன. நடப்பது, எழுதுவது, பேசும்போது நாவைப் பிறழாமல் திருப்புவது ஆகியவற்றை ஒழுங்குபடுத்துவது சிறுமூளை. எண்ணம், மொழி, பார்வை, திட்டமிடல் ஆகியவற்றிற்கு இடமான பெருமூளைப் புறணியில் 1,600 கோடி உண்டு. மூச்சையும் இதயத் துடிப்பையும் காக்கும் முகுளம் மூளையின் அடியில், தண்டுவடம் தொடங்கும் இடத்தில் அமைந்துள்ளது.

ஒவ்வொரு வேலைக்கும் மூளையில் ஒவ்வோர் இடம் உண்டு என்பதற்கு முதல் உறுதியான சான்றைத் தந்தவர் பிரெஞ்சு மருத்துவர் பால் புரோக்கா. 1861இல் அவரிடம் வந்த நோயாளி ஒருவர் பிறர் சொல்வதைப் புரிந்துகொண்டார். ஆனால் "டான்" என்ற ஓரசையைத் தவிர வேறு பேச இயலவில்லை. அவர் இறந்த பின் மூளையைப் பார்த்தபோது இடப்பக்க நெற்றிப் பகுதியில் ஓரிடம் சிதைந்திருந்தது. பேச இயலாதவர் அறிவில்லாதவர் அல்லர் என்பதையும் அந்த நோயாளி உலகுக்குக் கற்பித்தார் எனலாம்.

மூளையின் நடுவே முட்டை வடிவில் இணையாக அமைந்த தலாமஸ் என்னும் பகுதி உள்ளது. கண், காது, தோல் ஆகியவற்றிலிருந்து வரும் செய்திகள் அங்கு வந்துதான் பெருமூளைப் புறணிக்குச் செல்கின்றன. தலாமஸும் புறணியும் ஓயாது ஒன்றோடொன்று பேசிக்கொண்டிருக்கின்றன. அந்தப் பேச்சு ஒழுங்காக நடக்கும்வரையில்தான் நாம் விழிப்போடு இருக்கிறோம்.

கற்றல் என்பது யாது?

லாலாங் புல் மண்டிய வெளியில் ஒருவர் ஒருமுறை நடந்தால் புல் சாயும், மறுநாள் நிமிர்ந்துவிடும். நாள்தோறும் நடந்தால் ஒற்றையடிப் பாதை உண்டாகும். கற்றல் இத்தகையதே. சேர்ந்து இயங்கும் நரம்பணுக்களின் இணைப்பு வலுப்பெறும் என்று கனடா நாட்டு உளவியலறிஞர் டொனால்டு ஹெப் 1949இல் எழுதினார். 1973இல் பிளிஸ், லோமோ ஆகிய இருவர் முயலின் மூளையில் அதனை நேரடியாக அளந்து காட்டினர். எரிக் காண்டல் என்பவர் கடல்நத்தையில் ஆராய்ந்து, நீண்ட நாள் நினைவு உண்டாகும்போது நரம்பணுக்களுக்கிடையே புதிய சந்திப்புகளே முளைக்கின்றன எனக் கண்டு 2000இல் நோபல் பரிசு பெற்றார். ஆகவே, பாடம் படித்த பிள்ளையின் மூளை படிப்பதற்கு முன்பிருந்த மூளை அன்று.

எழுத்தறிவைப் பற்றிய செய்தி ஒன்று நமக்கு இன்னும் நெருக்கமானது. 2010இல் பிரெஞ்சு அறிஞர் ஸ்தனிஸ்லாஸ் தெஹேனும் அவர்தம் குழுவினரும், எழுத்தறியாதவர், இளமையில் கற்றவர், வயது வந்தபின் கற்றவர் ஆகிய மூவகையினரின் மூளைகளை ஒப்பிட்டனர். படிக்கக் கற்றவர்களிடம் மூளையின் இடப்பக்கப் பின்பகுதியில் ஓரிடம் எழுத்துகளைக் கண்டவுடன் எழுச்சி பெற்றது. வயது வந்தபின் கற்றவர்களிடமும் அம்மாற்றம் காணப்பட்டது. பாதை பிந்தித் தொடங்கலாம், நடந்தால் உண்டாகிறது.

ஆனால் பாதை உண்டாக வேண்டுமானால் நடை இடையறாமல் இருத்தல் வேண்டும். ஈண்டுத்தான் நான் முன்னர்க் கூறிய பையனின் கதை வருகிறது.

நான் அடித்த பையன்

1998ஆம் ஆண்டு. நான் மூன்றாம் ஆண்டு வகுப்பாசிரியர். அப்பையனுக்கு ஒன்பது வயது. தாயார் தோட்டத்தில் புல் வெட்டும் வேலை செய்தார். அவனை எழுப்பிப் பாடம் படிக்கச் சொன்னால் நன்றாகவே தொடங்குவான். வாக்கியத்தின் நடுவில் நின்றுவிடுவான். கண்கள் நிலைகுத்தும்; இமைகள் இலேசாகப் படபடக்கும். பத்து வினாடி சென்றதும் வேறோர் இடத்திலிருந்து படிக்கத் தொடங்குவான். வகுப்பு முழுவதும் சிரிக்கும். சொல்வதெழுதுதலில் முதல் இரண்டு சொற்கள் இருக்கும்; மூன்றாவது இராது; நான்காவது இருக்கும்.

நான் அதைத் திமிர் என்று கருதினேன். ஒரு நாள் அவன் அவ்வாறு நின்றபோது, "மண்டையில் என்ன, களிமண்ணா?" என்று கேட்டு அடிக்கோலால் உள்ளங்கையில் அடித்தேன். அடி விழுந்தபோது அவன் கையை இழுக்கவில்லை. சில வினாடி கழித்து நிமிர்ந்து பார்த்து, "என்னங்க சார்?" என்றான். அவன் முகத்தில் இருந்தது திமிர் அன்று; வியப்பு. தன்னை ஏன் ஆசிரியர் முறைத்துப் பார்க்கிறார் என்பது அவனுக்குத் தெரியவில்லை. கை சிவந்திருந்ததை அதன் பிறகே பார்த்தான்.

மாலையில் தாயாரை அழைத்துப் பேசினேன். "வாத்தியாரய்யா, வீட்டிலயும் சோறு அள்ளுற கை அப்படியே நிக்குது. கூப்பிட்டாலும் கேக்காது. காத்து கருப்பு பட்டிருக்கும்னு எங்கம்மா கயிறு கட்டியிருக்காங்க" என்றார். தோட்டத்து மருத்துவக் கொட்டகையில் இருந்த டிரெஸ்ஸர் இதைக் கேட்டுப் பட்டணத்து மருத்துவமனைக்குக் கடிதம் கொடுத்தார். தாயோடும் மகனோடும் நானும் பஸ்ஸில் சென்றேன். மருத்துவர் அவனை மேசையருகே நிறுத்தி, வேகமாக மூச்சை இழுத்து விடும்படி சொன்னார். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. பையன் என் கண்முன்னே நின்றுபோனான். "இது வலிப்பு" என்றார் மருத்துவர்.

வலிப்பு என்றால் கீழே விழுந்து கைகால் இழுத்து நுரை தள்ளும் என்று மட்டுமே நான் அறிந்திருந்தேன். விழாத வலிப்பும் உண்டு. பெரும்பாலும் நான்கு முதல் பத்து வயதுக்குள் தொடங்குவது அது. தலாமஸும் புறணியும் ஒன்றோடொன்று பேசுவதை விட்டுவிட்டு, வினாடிக்கு மூன்று என்ற கணக்கில் ஒரே தாளம் போடத் தொடங்குகின்றன. அந்த நேரத்தில் கண் திறந்திருக்கும், காண்பது இல்லை. காது திறந்திருக்கும்; கேட்பது இல்லை. 1924இல் ஜெர்மானிய மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் மனித மூளையின் மின்னலைகளைத் தலையின் மேலிருந்தே பதிவு செய்யும் முறையைக் கண்டார். அம்முறையால் 1935இல் இந்தத் தாளம் வரையப்பட்டது. எங்கள் பையனின் தாளிலும் அதே வரிகள் மலைமலையாக வந்திருந்தன.

கணக்குப் பார்த்தேன். பள்ளி நேரத்தில் முப்பது முறை வந்தாலும் பத்துப் பத்து வினாடியாக ஐந்து நிமிடமே ஆகும். ஐந்து நிமிடம் பெரிதன்று. ஆனால் அது முப்பது வாக்கியங்களின் நடுவே விழுகிறது. கூட்டலில் கைமாற்றும் எண் எது என்று சொல்லும் இடத்தில் விழுகிறது. பாதையில் முப்பது இடத்தில் பள்ளம் தோண்டிவிட்டு, நடக்கத் தெரியவில்லை என்று நான் அவனை அடித்திருக்கிறேன்.

மருந்து கொடுத்தார்கள். சில வாரங்களில் நின்றுபோதல் குறைந்தது; பிறகு அறவே இல்லை. அவன் வகுப்பில் முதல் மாணவனாகிவிடவில்லை. ஆனால் ஒரு பக்கத்தை முதலிலிருந்து முடிவுவரை படித்தான். சில ஆண்டுகளுக்குப் பின் மருத்துவரே மருந்தை நிறுத்தினார். இந்த வகை வலிப்பு பெரும்பாலான பிள்ளைகளுக்கு வளரும்போது நீங்கிவிடுகிறது. நான் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். அவனுக்கு அந்த அடி நினைவிலேயே இல்லை. எனக்கு இருக்கிறது.

ஆசிரியர் செய்யத்தக்கவை

பகற்கனவு காணும் பிள்ளையையும் இத்தகைய பிள்ளையையும் பிரித்தறிவது கடினமன்று. பகற்கனவு காண்பவன் சலிப்பூட்டும் வேளையில் காண்பான். பெயர் சொல்லி அழைத்தாலோ தோளைத் தொட்டாலோ திரும்புவான். வலிப்பு வந்தவன் பேச்சின் நடுவே, விளையாட்டின் நடுவே, உணவின் நடுவே நிற்பான், தொட்டாலும் திரும்பான், தானே தெளிந்து, ஒன்றும் நடவாததுபோல் தொடர்வான். அவ்வாறு கண்டால் நாள், நேரம், எத்தனை வினாடி என்பவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். பெற்றோரிடம் அமைதியாகச் சொல்லி மருத்துவரிடம் அனுப்புங்கள். உங்கள் குறிப்பேடு மருத்துவருக்குப் பேருதவியாகும்.

விழுந்து இழுக்கும் வலிப்பு வந்தால், கையில் சாவிக்கொத்தைத் திணிக்கும் வழக்கம் நம்மிடையே இன்னும் உண்டு. இரும்புக்கும் வலிப்புக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. வலிப்பு தானே நிற்கிறது. பெயர் சாவிக்குப் போகிறது. பிள்ளையைச் சுற்றியுள்ள நாற்காலி மேசைகளை அகற்றுங்கள். தலைக்குக் கீழே மென்மையான துணி எதையேனும் வையுங்கள். ஒருபக்கமாகச் சாய்த்துப் படுக்க வையுங்கள். வாயில் கரண்டியோ நீரோ எதையும் இடாதீர்கள். கைகாலை அழுத்திப் பிடிக்காதீர்கள். கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தாலும், ஒன்று நின்றவுடன் தெளியாமலே மற்றொன்று வந்தாலும், உடனே மருத்துவ வண்டியை அழையுங்கள்.

பாடத்தில் பின்தங்கும் பிள்ளை ஒவ்வொருவனுக்கும் வலிப்பு என்று நான் கூறவில்லை. ஒருவனுக்குக் கண் தெரியாதிருக்கலாம். ஒருவனுக்குக் காதில் சீழ் இருக்கலாம். ஒருவன் பசியோடு வந்திருக்கலாம். ஒருவன் இரவு உறங்காதிருக்கலாம். செய்தி வரும் வழியில் எங்கோ ஒரு தடை. முள் தைத்த கால் மூளையைக் கேளாமல் எழுவதுபோல், பிள்ளை விழித்தவுடன் நம் கையும் எண்ணிப் பாராமல் எழுந்துவிடுகிறது. தண்டுவடத்திற்கு அது தகும், ஆசிரியர்க்குத் தகாது. கையை எடுப்பதற்கு முன் தடை எங்கே என்று தேடுவோமாக.

8,600 கோடி நரம்பணுக்கள் உள்ள தலையில் களிமண்ணுக்கு இடம் இல்லை. நம் வகுப்பறைகளில் அந்தக் கேள்விக்கும் இனி இடம் வேண்டாம்.